இஜிஆர் கோளாறு: டீசல் லாரி இன்ஜினில் வால்வைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

இஜிஆர் (எரிந்த புகையில் ஒரு பகுதியை ஒரு வால்வின் வழியாக மீண்டும் இன்ஜினுக்குள் செலுத்தும் மறுசுழற்சி அமைப்பு) தொடர்பான எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் வால்வைக் கழற்றிக் கழுவி மாட்டுவதும், அதில் சரியாகாவிட்டால் புதிய வால்வு வாங்கிப் பொருத்துவதும் பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. விளக்கு சில வாரங்கள் அணைந்திருந்துவிட்டு, அதே கோளாறு எண்ணுடன் மீண்டும் எரியும். வால்வில் படிந்திருக்கும் கரியை வால்வு உண்டாக்கவில்லை என்பதே இதற்குக் காரணம். இன்ஜினின் வேறோர் இடத்தில் உண்டான கரி அங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் வால்வை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதற்குச் சமம்.

முதலில், இந்த அமைப்பு எதற்காக இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சிலிண்டருக்குள் எரிதலின் வெப்பம் ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் வேகமாக உருவாகத் தொடங்குகின்றன. எரிந்து முடிந்த புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து மீண்டும் உள்ளே செலுத்தினால், உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைகிறது. புகையில் இருக்கும் கரியமில வாயுவும் நீராவியும் கூடுதல் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. எனவே உச்ச வெப்பம் இறங்கி, நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறைகின்றன. ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் எரிதல் முழுமையடைவதும் குறையும் என்பதால், இந்த நன்மைக்கு விலையாகக் கரித்துகள் கூடுகிறது. இஜிஆர் பற்றிய தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கொடுக்கல் வாங்கலிலிருந்தே பிறக்கின்றன.

குளிரூட்டப்பட்ட இஜிஆர் கனரக லாரிகளில் பரவலானது அமெரிக்காவில் 2002 அக்டோபரை ஒட்டித்தான். பின்னர், வெளியேறும் புகையில் யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் எஸ்சிஆர் முறை வந்தபோது பல நிறுவனங்கள் மறுசுழற்சி அளவைக் குறைத்துக்கொண்டன. யூரோ 6 என்ற ஐரோப்பிய மாசு விதிக்கு உட்பட்ட இன்ஜின்களில் சில இஜிஆர் இல்லாமலே எஸ்சிஆரை மட்டும் நம்பி இயங்குகின்றன. எனவே கையில் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், உங்கள் இன்ஜினில் எந்த வகை அமைப்பு இருக்கிறது என்பதை இன்ஜின் எண்ணைக் கொண்டு பராமரிப்புக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜின்களிலும் ஆண்டுக்கு ஆண்டு வால்வின் இடம் மாறியிருக்கக்கூடும்.

புகை செல்லும் வழி

பெரும்பாலான லாரிகளில் இருப்பது உயர் அழுத்த வகை. டர்போவின் (புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் கருவி) டர்பைனுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை வந்து சேரும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து பிரியும் புகை, கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம் ஓடும் கூலர் வழியாகச் சென்று, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் பிறகு வரும் காற்றுடன் கலந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் நுழைகிறது. வால்வு கூலருக்கு முன்னால் இருந்தால் கடும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். பின்னால் இருந்தால் வெப்பம் குறைவு, ஆனால் பிசுபிசுப்பான கரி அதிகம் ஒட்டும். இரண்டிலும் தொல்லை உண்டு, தொல்லையின் தன்மைதான் வேறு.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று இருக்கிறது. வால்வு திறந்துவிட்டாலே புகை உள்ளே போய்விடாது. எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் அழுத்தம் இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால்தான் புகை அந்தத் திசையில் நகரும். டர்போ முழு பூஸ்ட் (கூடுதல் காற்றழுத்தம்) கொடுக்கும்போது இந்த வேறுபாடு தானாகக் கிடைப்பது அரிது. ஆகையால் பல இன்ஜின்களில் விஜிடி வகை (இறக்கைகளின் கோணத்தை மாற்றக்கூடிய) டர்போவின் இறக்கைகளைச் சற்றே மூடி, பின்னழுத்தத்தை வேண்டுமென்றே உயர்த்துகிறார்கள். அந்த இறக்கைகள் கரியில் இறுகிவிட்டாலோ, அவற்றை அசைக்கும் ஆக்சுவேட்டர் தளர்ந்துவிட்டாலோ, வால்வு நூறு சதவீதம் திறந்திருந்தும் பாய்ச்சல் குறைவு என்றுதான் இன்ஜின் கணினி பதிவுசெய்யும். பாய்ச்சல் குறைவு என்ற எண்ணைப் பார்த்தவுடன் வால்வைக் குற்றம்சாட்டுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அறிகுறிகளைப் படித்தல்

வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் கறுப்புப் புகை, இழுவைக் குறைவு, ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போது) நடுக்கம், கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி அடிக்கடி நிறைந்து, அந்தக் கரியை எரித்தகற்றும் சுழற்சியைக் கேட்பது ஆகியவை தெரியும்; இன்ஜின் ஆயில் வழக்கத்தைவிட விரைவாகக் கறுத்துக் கெட்டியாகும். மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் ஓட்டுநருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சில சமயம் வண்டி முன்பைவிட நன்றாக இழுப்பதாகக்கூடச் சொல்வார். ஆனால் எரிதல் சத்தம் கடினமாகியிருக்கும், நைட்ரஜன் ஆக்சைடு உயர்ந்திருக்கும், எஸ்சிஆர் உள்ள வண்டியில் அதைச் சமாளிக்க யூரியாக் கரைசலின் செலவும் கூடக்கூடும்.

கூலரில் விரிசல் விழுந்தால் வரும் அறிகுறிகள் வேறு வகை. வெளியே ஒரு துளியும் சொட்டாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வரும்; சூடான பிறகும் இனிப்பு வாடையுடன் வெண்புகை நிற்காது; அல்லது எதிர்த்திசையில், புகை கூலண்டுக்குள் புகுந்து, விரிவாக்கத் தொட்டியில் குமிழிகள் எழும்பி, கூலண்ட் வெளியே தள்ளப்படும். மற்றக் கோளாறுகளில் வண்டியை மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குக் கொண்டுவரலாம். இதில் அப்படிச் செய்யக் கூடாது. நின்றுகொண்டிருக்கும் இன்ஜினில் கசிந்த கூலண்ட் இன்டேக் வழியாக ஒரு சிலிண்டருக்குள் தேங்கிவிட்டால், அடுத்த முறை ஸ்டார்ட்டரை அழுத்தும்போது, சுருங்க மறுக்கும் அந்தத் திரவம் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கையால் இன்ஜினை இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றிப் பாருங்கள். எங்காவது இறுகி நின்றால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். கசிந்த கூலண்ட் பின்னால் இருக்கும், புகையைச் சுத்திகரிக்கும் டிஓசி வினையூக்கியிலும் டிபிஎஃப்பிலும் படிந்து அவற்றையும் கெடுக்கும் என்பதால், கூலர் மாற்றும் செலவை ஒத்திப்போடுவது ஒருபோதும் சேமிப்பாகாது.

கழற்றாமல் செய்யும் சோதனைகள்

முதலில் ஸ்கேனரை இணைத்து, எல்லாக் கோளாறு எண்களையும் அவை பதிவான நேரத்தின் இயக்க விவரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டுப் பார்ப்போம் என்று தொடங்குவது, தடயத்தைக் கழுவிவிட்டுத் திருடனைத் தேடுவது போன்றது. ஜே1939 என்ற கனரக வண்டித் தகவல்தொடர்பு முறையைப் பின்பற்றும் லாரிகளில் எஸ்பிஎன் எண் எந்தப் பகுதி என்பதையும், எஃப்எம்ஐ எண் என்ன வகைக் கோளாறு என்பதையும் சொல்லும். எஸ்பிஎன் 27 வால்வின் நிலை, 411 அழுத்த வேறுபாடு, 412 மறுசுழற்சிப் புகையின் வெப்பநிலை, 2659 பாய்ச்சல் அளவு, 2791 வால்வின் கட்டுப்பாடு ஆகியவற்றைக் குறிக்கின்றன. எஃப்எம்ஐ 3 அல்லது 4 வந்தால் மின்னழுத்தம் எல்லை மீறியிருக்கிறது என்று பொருள். அங்கே வயரிங்கும் கனெக்டரும்தான் முதல் சந்தேகம், கரி அல்ல. எஃப்எம்ஐ 5 மின்சுற்று அறுந்திருப்பதைக் குறிக்கலாம். எஃப்எம்ஐ 7 வந்தால்தான் கட்டளைக்கு இயந்திரப் பகுதி ஒத்துழைக்கவில்லை என்று கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், வயர் உராய்ந்து அறுந்திருந்த வண்டிகளில் வால்வு மாற்றப்பட்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் கூடுதலாகத் தேவையில்லை, பொறுமைதான் தேவை. வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் போட்டு, கூலண்ட், உட்செல்லும் காற்று, இஜிஆர் புகை ஆகியவற்றின் வெப்பநிலைகளை ஸ்கேனரில் ஒப்பிடுங்கள். எல்லாமே வெளிக்காற்றின் வெப்பத்தை ஒட்டி, சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருபது முப்பது டிகிரி தள்ளி நின்றால் அந்த சென்சார் அல்லது அதன் வயர் பொய் சொல்கிறது. அதே நிலையில் அழுத்த வேறுபாட்டு சென்சார் பூஜ்யத்தையும், பூஸ்ட் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் காட்ட வேண்டும். வேறுபாட்டு சென்சாரின் துளைகள் மிகச் சிறியவை என்பதால் கரியும் ஈரமும் சேர்ந்து எளிதில் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் நின்றிருக்கும்போதே அது ஏதோ ஒரு மதிப்பைக் காட்டினால், கணினி பாய்ச்சலைத் தவறாகக் கணக்கிட்டு, நல்ல வால்வைத் தவறான அளவுக்குத் திறந்துகொண்டிருக்கும்.

பிறகு ஸ்கேனரின் மூலம் வால்வுக்குப் படிப்படியாகத் திறக்கும் கட்டளை கொடுத்து, கட்டளையிட்ட நிலையையும் உண்மையான நிலையையும் அருகருகே பாருங்கள். இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால் வால்வின் இயக்கம் நன்றாகவே இருக்கிறது. ஓரிடத்தில் தயங்கிப் பிறகு குதித்தால் தண்டில் கரி கடித்திருக்கிறது. முழுவதும் மூடச் சொன்ன பிறகும் ஐடிலில் பாய்ச்சல் அளவு பூஜ்யத்தை ஒட்டி வராவிட்டால், வால்வு மூடும்போது பொருந்தும் இருக்கையில் ஏதோ சிக்கியிருக்கிறது. இதே முறையில் விஜிடி ஆக்சுவேட்டரையும் ஓட்டிப் பார்க்காமல் இந்தக் கட்டத்தைக் கடந்துவிட வேண்டாம்.

இனி, கரியின் பிறப்பிடத்தைத் தேட வேண்டும். என் அனுபவத்தில் மிகுதியாகத் தவறவிடப்படுவது இன்டர்கூலர் வரிசையின் காற்றுக் கசிவு. ஹோஸ் கிளாம்ப் தளர்ந்தோ, இன்டர்கூலரின் ஓரம் வெடித்தோ அழுத்தக் காற்று வெளியேறினால், சிலிண்டருக்குப் போகும் புதுக் காற்று குறைந்து, அதே டீசலுக்கு இன்னும் அதிகக் கரி உண்டாகும். அந்தக் கரியே திரும்பவும் இஜிஆர் வழியாக உள்ளே வரும். இன்டர்கூலரின் இரு முனைகளையும் அடைத்து 30 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றேற்றி, விநியோகத்தை நிறுத்திவிட்டு, 15 விநாடிகளில் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. அழுத்தமும் அனுமதிக்கப்பட்ட இறக்கமும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும் என்பதால் கையேட்டின் அளவையே கொள்ளுங்கள். முனைகளை அடைக்கும் மூடிகள் பறக்காதபடி சங்கிலியால் கட்டுவதை மறக்கக் கூடாது. அதன் பின் ஏர் ஃபில்டரின் அடைப்பு, சொட்டும் இன்ஜெக்டர், ஆயில் விடும் டர்போ சீல், கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) ஆவியிலிருந்து வரும் ஆயில் படலம் ஆகியவற்றைப் பாருங்கள். காய்ந்த கரி பொடிப்பொடியாக உதிரும். ஆயில் கலந்த கரி தார் போலப் பிசுபிசுக்கும். வால்வைத் திறந்தபின் விரலால் தொட்டாலே எந்த வகை என்பது புரியும். திறந்த நிலையிலேயே சிக்கிய தெர்மோஸ்டாட்டும் (கூலண்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) நீண்ட நேர ஐடிலும் இன்ஜினைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பதால், எரியாத எரிபொருள் கூலரில் படிந்து கரிக்குப் பசையாகிவிடும்.

கூலரைச் சோதித்தல்

கூலண்ட் குறைகிறது என்ற புகாருக்குக் கூலர்தான் காரணம் என்று முடிவெடுக்கும் முன், லாரிக்கே உரிய மற்றொரு சந்தேக நபரை நினைவில் வையுங்கள். பிரேக்குக்குக் காற்றடைக்கும் ஏர் கம்ப்ரசரும் பல இன்ஜின்களில் கூலண்டால்தான் குளிர்கிறது. அதன் ஹெட் கேஸ்கட் கசிந்தால் காற்று கூலண்டுக்குள் புகுந்து, தொட்டியில் அதே குமிழிகளைக் காட்டும். இரண்டையும் பிரித்தறிய, தொட்டியின் வாயில் எழும் வாயுவைக் கரியமில வாயுவைக் காட்டும் சோதனைத் திரவத்தின் வழியாக இழுத்துப் பாருங்கள். எரிந்த புகையானால் திரவத்தின் நிறம் மாறும். கம்ப்ரசரின் வெறும் காற்றானால் மாறாது. நிறம் மாறினாலும் அது கூலரா, சிலிண்டர் ஹெட் கேஸ்கட்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.

அதற்கு, இன்ஜின் ஆறிய பின் கூலரின் புகைப் பக்கக் குழாய்களை மட்டும் கழற்றிவிட்டு, கூலண்ட் அமைப்பில் கைப்பம்பினால் ரேடியேட்டர் மூடியில் குறிப்பிட்டுள்ள அழுத்தம்வரை ஏற்றி, சில மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். புகைத் துவாரத்தில் ஈரம் தெரிந்தால் குற்றவாளி கூலர்தான். காய்ந்தே இருந்தால் அதற்காகக் கூலரை விடுதலை செய்துவிட வேண்டாம். வெப்பத்தில் விரிந்தால் மட்டுமே வாய் திறக்கும் விரிசல்கள் உண்டு. அப்போது கூலரைக் கழற்றி, கூலண்ட் துவாரங்களைத் தட்டு வைத்து மூடி, கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்குக் காற்றேற்றி, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நீரில் செய்த சோதனையை நம்பிக் கெட்ட கூலரை மீண்டும் மாட்டுவது வீண் உழைப்பு. விரிசல் விழுந்த கூலரைப் பற்றவைத்து மீட்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு குழாயைச் சோர்வடையச் செய்த அதே வெப்பம் மற்றக் குழாய்களையும் சோர்வடையச் செய்திருக்கும்.

கழற்றுதலும் சுத்தம் செய்தலும்

சோதனைகளுக்குப் பிறகும் வால்வையோ கூலரையோ கழற்ற வேண்டும் என்றே முடிவானால், வண்டிக்குச் சக்கரக்கட்டை வைத்து, இன்ஜின் முழுவதும் ஆறிய பின், கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து பேட்டரி இணைப்பை எடுங்கள். கூலண்ட் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. டீசல் புகையை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. ஆகவே உலர்ந்த கரியை ஏர் கன்னால் ஊதிப் பட்டறை முழுவதும் பரப்பாமல், கையுறையும் தகுந்த முகக்கவசமும் அணிந்து, ஈரமாக வைத்தே சுரண்டுங்கள்.

கூலண்டைச் சுத்தமான பாத்திரத்தில் வடித்துக்கொண்டு, கனெக்டர்களைக் கழற்றி அவற்றின் பின்களில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். போல்ட்டுகள் வெப்பத்தில் இறுகியிருக்கும். துருநீக்கித் திரவம் ஊற்றிக் காத்திருப்பது, உடைந்த போல்ட்டைத் துளைத்தெடுப்பதைவிட எப்போதும் விரைவான வேலை. மடிப்புள்ள நெளிகுழாய்களை இழுக்கவோ முறுக்கவோ கூடாது.

வால்வைக் கழுவும்போது மின்னணுப் பகுதி நனையவே கூடாது. முழு வால்வையும் கரைப்பானில் ஊறப்போடுவது அதைக் கொல்வதற்குச் சமம். இஜிஆருக்கென்று விற்கப்படும் கரிநீக்கியைப் புகைப் பாதையில் மட்டும் தெளித்து, வால்வைத் தலைகீழாகப் பிடித்து, நைலான் பிரஷ்ஷாலும் மரக்குச்சியாலும் கரியை எடுங்கள். இருக்கையின் விளிம்பில் இரும்புக் கத்தி பட்டு ஏற்பட்ட ஒரு கீறல், அந்த வால்வு இனி முழுமையாக மூடாது என்பதற்குப் போதும். பல்சக்கரத்தால் இயங்கும் வால்வைத் திருகுளியால் நெம்பித் திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பற்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இன்டேக் மேனிஃபோல்டின் கலவைப் பகுதியிலும் அழுத்த சென்சாரின் துளைகளிலும் உள்ள கரியை எடுக்கும்போது, உதிரும் கட்டி ஒன்றுகூட இன்ஜினுக்குள் விழாதபடி துணியால் வாயை அடைத்து, அந்தத் துணியை எண்ணி வைத்து எடுக்க வேண்டும்.

மாட்டுதல்

பழைய கேஸ்கட் எதையும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். கூலரின் எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் தளர்வாகப் போட்டு, குழாய்கள் இயல்பாக ஒன்றோடொன்று பொருந்திய பின்னரே, கையேட்டின் வரிசைப்படி டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கத்தை இழுத்துப் பொருத்தினால், கூலர் மாட்டிய நாளிலிருந்தே வளைவழுத்தத்தில் இருக்கும். புதிய கூலர் சில மாதங்களில் விரிசல் விடுவதற்கு இது வழக்கமான காரணம்.

கூலண்ட் நிரப்பும்போது காற்று அகற்றுவதில் அவசரம் காட்டக் கூடாது. கூலருக்குள் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் அந்த இடத்தில் குழாயைச் சுற்றித் திரவம் இருக்காது. பல நூறு டிகிரி வெப்பமுள்ள புகை உள்ளே போகும்போது மீதிக் கூலண்ட் அங்கேயே கொதித்து, உலோகம் வெடிக்கும். வெற்றிடம் கொண்டு நிரப்பும் கருவி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் காற்றுநீக்கும் திருகுகளைத் திறந்துவைத்து மெதுவாக ஊற்றுங்கள். நிறுவனம் சொன்ன வகைக் கூலண்டையே, சொன்ன விகிதத்தில் ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்புப் படலம் கட்டி இதே கொதிப்பை உண்டாக்கும், கசிவடைக்கும் பொடிகள் கூலரின் ஒடுக்கமான வழிகளைத்தான் முதலில் அடைக்கும்.

வால்வு புதிதானால் ஸ்கேனரின் மூலம் அதன் மூடிய நிலையையும் திறந்த நிலையையும் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சில இன்ஜின்கள் சாவியை அணைத்தவுடன் இதைத் தாமாகவே செய்துகொள்ளும். அதனால் சாவியை அணைத்த மறுகணமே பேட்டரி சுவிட்சையும் அணைக்காமல் சில நிமிடங்கள் விடுங்கள்.

இஜிஆரை அடைத்துவிட்டு, மென்பொருளை மாற்றி ஓட்டலாம் என்ற யோசனையை யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பல நாடுகளில் அது சட்டத்துக்குப் புறம்பானது. அதோடு, அந்தப் புகைக்காகவே கணக்கிடப்பட்ட எரிபொருள் நேரத்தையும் டர்போ அமைப்பையும் குலைத்து, சிலிண்டரின் உச்ச வெப்பத்தை உயர்த்தும் வேலை அது. கரி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அதில் விடையும் கிடைக்காது.

கடைசியாக, பாரத்துடன் ஓட்டிப் பாருங்கள். வெறும் வண்டியைப் பட்டறை வாசலில் சுற்றிவந்தால் இஜிஆர் பற்றி எதுவும் தெரியாது. ஏற்றத்தில் இழுக்கும்போதும் சமதரையில் சீராகப் போகும்போதும் கட்டளையிட்ட பாய்ச்சலும் அளந்த பாய்ச்சலும் ஒட்டிப் போகின்றனவா, கூலரைக் கடந்த புகையின் வெப்பநிலை கையேட்டின் எல்லைக்குள் நிற்கிறதா என்று பதிவுசெய்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் உடனே அணைக்காமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு, கூலரின் வெப்பம் இறங்கிய பின் நிறுத்துங்கள். இதை ஓட்டுநரும் அன்றாடப் பழக்கமாக்கிக்கொண்டால் கூலர் நெடுநாள் உழைக்கும். மறுநாள் காலை, இன்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, விரிவாக்கத் தொட்டியில் கூலண்ட் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதிவைத்து, ஒரு வாரம் கழித்து அதே குளிர்ந்த நிலையில் அந்தக் கோட்டை மீண்டும் பாருங்கள்.